ஆவடிக்குப் போன அயர்லாந்து கேசட்

என் முதல் இந்தியப் பயணம் சித்தி மகளின் கல்யாணத்துக்காக என்றுதான் மலேசியாவில், தைப்பிங்கில் இருந்த அப்பா அம்மா நினைத்தார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி என் கைப்பையில், இரண்டு கம்பளிக் காலுறைகளுக்குள் சுற்றி வைத்த ஒரு கேசட்டாக இருந்தது.

அப்போது நான் டப்ளினில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். மலேசியாவிலிருந்து எங்களைப் போல நிறையப் பேர் அங்கே போய்ப் படித்த தொண்ணூறுகள் அவை. மௌரீன் என்ற அம்மாளின் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். குடியேறிய முதல் வாரம், குளியலறையிலிருந்து யாரோ குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. படிக்கிற படிப்புக்குப் பயன் வந்துவிட்டது என்று ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். மௌரீன் கீழே இருந்தபடியே, பயப்படாதே, அவன் பாடுகிறான் என்றார்.

அவன் என்பது அவருடைய மகன் கீரன். விடியற்காலையில் பேக்கரியில் ரொட்டி சுடுவான். மாலையில் மூன்று நண்பர்களோடு சேர்ந்து, மெட்டல் இசையிலேயே மிகக் கொடூரமான வகையை வாசிப்பான். அவர்கள் குழுவின் பெயரைத் தமிழில் சொன்னால் 'சதுப்பில் கிடந்தவன்' என்று வரும். அந்த ஊர்ச் சதுப்பு நிலங்களைத் தோண்டும்போது ஆயிரக்கணக்கான ஆண்டு பழைய உடல்கள் கெடாமல் கிடைக்குமாம். இப்படிப்பட்ட பெயர் வைத்த கீரன், சிலந்தியைக்கூடக் காகிதத்தில் ஏந்தி ஜன்னலுக்கு வெளியே விடுகிற ஆள்.

அவர்களின் முதல் ஆல்பம் வந்த அன்று சமையலறை மேசையில் வைத்து எனக்குப் போட்டுக் காட்டினான். முதல் பாட்டின் பெயர் 'சாபம்'. தொடக்கத்தில் மழை கொட்டியது. தவளைகள் கத்தின. பிறகு கிணற்றின் ஆழத்திலிருந்து வருவதுபோல ஒரு கனத்த குரல் எதையோ இழுத்து இழுத்துச் சொன்னது. அது முடிந்ததும் டிரம்ஸ் இடிந்து விழுந்தது.

நான் நிறுத்தச் சொன்னேன். மறுபடி போடச் சொன்னேன். குரலை மெதுவாக்கி எதிரொலி சேர்த்திருந்தார்கள். ஆனாலும் அது தமிழ்.

"கொமாரு, சோறு ஆறுது. எத்தினி வாட்டி கூவறது? மழையில குந்திகினு இன்னாடா பண்ற?"

"ஷ்ஷ், ரெக்கார்டு ஆவுதும்மா. அயர்லாந்துக்கு அனுப்பணும்."

"அய்ய, முன்னாடியே சொல்லக்கூடாது?" கொஞ்சம் இடைவெளி. பிறகு விருந்தாளியிடம் பேசும் மரியாதையோடு, "நல்லா கீறீங்களா? சாப்ட்டீங்களா?"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் வந்துவிட்டது. சாப்பிட்டாயா என்று தமிழில் யாரும் என்னைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. கீரன் பதறி என் முன்னால் ஒரு துண்டு ரொட்டியை வைத்தான்.

மந்திரவாதியின் சாபம் என்று அவர்கள் நினைத்தது ஓர் அம்மா மகனைச் சோற்றுக்குக் கூப்பிட்டது என்று நான் சொன்னபோது அவன் முகம் வெளுத்தது. கடைசிக்கு முந்தின கேள்விதான் எனக்கே சரியாக விளங்கவில்லை. நன்றாகக் கீறுகிறீர்களா என்று கேட்கிறார்போல, கத்தியால் கீறுவது என்றேன். அது ஒன்று அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அந்தக் குமார் சென்னைக்கு மேற்கே ஆவடியில் இருப்பவன். கீரனோடு தபாலில் கேசட் மாற்றிக்கொள்ளும் நண்பன். முகம் பார்த்ததில்லை. எங்கள் முதல் ஆல்பத்துக்கு உன் ஊர்ச் சத்தம் ஏதாவது அனுப்பு என்று இவர்கள் கேட்டதற்கு, அவன் மழையை அனுப்பியிருக்கிறான். ஆல்பம் அச்சானதும் முதல் பிரதியை அவனுக்குத்தான் அனுப்பினார்கள். வாரக்கணக்கில் பதிலே இல்லை. அம்மாவின் குரலை இப்படிச் செய்துவிட்டோமே என்று கோபமோ என்று கீரனுக்கு இப்போது புதிதாக ஒரு பயம் வந்துவிட்டது. ஆவணியில் நான் சென்னை போகிறேன் என்று தெரிந்ததும் இன்னொரு பிரதியை என்னிடம் தந்தான். "அந்த அம்மாவைப் பார். அவர் வேண்டாம் என்றால் அடுத்த அச்சில் எடுத்துவிடுகிறோம்" என்றான்.

அம்பத்தூரில் சித்தி வீட்டு வாசலில் இறங்கியபோது வெயில் தலையில் ஏறி உட்கார்ந்தது. எங்கள் தைப்பிங்கில் மத்தியானம் ஆனால் மழை வந்துவிடும். இங்கே வானத்துக்கு அப்படி ஒரு யோசனையே இருப்பதாகத் தெரியவில்லை. தெருமுனைவரை தொழிற்பேட்டையின் எண்ணெய் வாடை. அதற்கு நடுவே எருமைகள் நிதானமாகச் சாலையைக் கடந்தன. பசியாறிவிட்டேன் என்று நான் சொன்னதைக் கேட்டுச் சித்தியின் பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாங்கள் காலை உணவை அப்படித்தான் சொல்வோம். மறுநாள் காலை இட்லிக்கு வடகறி வந்தது. கடலைப்பருப்பை வடையாகச் சுட்டு, உதிர்த்து, மறுபடி குழம்பாக்குகிற இந்த யோசனை எங்கள் ஊருக்கு ஏன் கப்பலேறவில்லை என்று எனக்கு வருத்தமாகவே இருந்தது.

ஆவடி இரண்டு மூன்று ஸ்டேஷன்தான், ரயிலில் போய்விடு என்றார் சித்தப்பா. பெண்கள் பெட்டியில் ஏறினேன். காலியான கீரைக் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், ஆவடி வந்தால் நான் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். விடியும் முன்பே சந்தைக்குப் போனவராக இருக்க வேண்டும். எழுப்ப மனம் வரவில்லை. நிற்கிற கூட்டத்தில் வெளியே ஒரு பெயர்ப்பலகையும் தெரியவில்லை. அவர் கண் விழித்தபோது வேப்பம்பட்டு வந்திருந்தது. அது அவருடைய ஊர். ஆவடி எப்போதோ பின்னால் போயிருந்தது.

பிளாட்பாரத்தில் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். திரும்பிப் போகிற ரயில் வரும்வரை என்னோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். முந்தானை முடிச்சிலிருந்து வேர்க்கடலை எடுத்துத் தந்தார். அப்போது எதிர்ப்பக்கம் போன ஒரு பெண்ணைப் பார்த்து, "நல்லா கீறியாடி? புள்ள எப்டி கீறான்?" என்று கேட்டார்.

கடலை என் கையிலேயே நின்றுவிட்டது. கீறியா என்றால் என்ன என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நல்லா கீறியான்னா, நல்லா கீறியான்னுதாம்மா" என்றார். அதற்குமேல் அவருக்கு விளக்கத் தெரியவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை. நன்றாக இருக்கிறீர்களா என்பதைத்தான் கத்தியால் கீறுவது என்று மொழிபெயர்த்து டப்ளினில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

ஆவடியில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஊழியர்களின் குவார்ட்டர்ஸ் ஒரே அச்சில் வார்த்ததுபோல வரிசை வரிசையாக இருந்தது. மரங்கள் மட்டும் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. சேலத்துக்காரர் வீடு, திருநெல்வேலிக்காரர் வீடு என்று ஊரை வைத்தே அடையாளம் சொன்னார்கள். குமாரின் அப்பா சேலத்துக்காரர். கைலியும் பனியனுமாகக் கதவைத் திறந்தார். அயர்லாந்து என்ற சொல்லைக் கேட்டதும் கதவை முழுக்கத் திறந்தார்.

குமாரின் அம்மாவைப் பார்க்க வந்தேன் என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மாலை போட்ட படம். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேமராவைப் பார்க்கிற உருண்டை முகம்.

காபி அவரே போட்டார். அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். சரோஜா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அன்று இவர் டியூட்டியில் இருந்தார். குமார் உள்ளறையில் ஹெட்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். சமையலறையில் அம்மா சாய்ந்தது அவனுக்குத் தெரியவில்லை. கரண்டி திருப்பித் தர வந்த எதிர்வீட்டு அம்மாதான் பார்த்துக் கூச்சல் போட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். "இவன் நம்பல. அம்மா கூப்பிட்டிருப்பா, எனக்குக் கேக்கலன்னே சொல்றான்" என்றார்.

அதன் பிறகு குமார் கேசட் எதையும் தொடவில்லை. கடிதம் எழுதவில்லை. திருமழிசையில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலைக்குப் போகிறான், வருகிறான், சாப்பிடுகிறான். வெளிநாட்டிலிருந்து ஒரு பார்சல் வந்தது, அதைக்கூடப் பிரிக்கவில்லை. அவர் எழுந்து பீரோவின் மேலே காட்டினார். பழுப்புக் காகிதத்தில், கீரனின் கோணல் கையெழுத்தில் முகவரி. அதன்மேல் மெல்லிய தூசி.

ஒன்றும் சொல்லாமல் கிளம்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அதற்குள் என்ன இருக்கிறது என்று சொன்னேன். அவர் காபி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். பார்சலை எடுக்கக் கை நீட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நீட்டவில்லை.

"அவன் கேக்கட்டும் முதல்ல. அவனுக்குத்தான் வேணும்" என்றார்.

மறுநாள் திருமழிசைக்குப் பேருந்தில் புறப்பட்டேன். பூந்தமல்லியை நெருங்குவதற்குள் பேருந்து ஒரு முனகலோடு நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். பெண்கள் இறங்கி எப்படித் தள்ளுவது என்று சொன்னார்கள். வண்டி அசையவில்லை. ஒரு கடை நிழலில் ஒதுங்கிப் பன்னீர் சோடா குடித்தபோதுதான் பலகையைப் பார்த்தேன். கரையான்சாவடி. சரோஜாவின் பிறந்த ஊர் என்று முந்தின நாள் அவர் கணவர் சொல்லியிருந்தார். கடையில், தண்ணீர்க் குடத்தோடு, சைக்கிளில், எல்லோரும் அந்தக் கேசட்டில் இருந்த தமிழையே பேசிக்கொண்டு போனார்கள். சோடா தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

திருமழிசையில் ஒரு பக்கம் வயல், மறுபக்கம் தகரக் கூரைத் தொழிற்கூடங்கள். பிரஸ் இயந்திரம் இரும்புத் தகட்டில் இறங்குகிற ஒவ்வொரு அடிக்கும் தரை என் செருப்பு வழியாக அதிர்ந்தது. உணவு இடைவேளையில் குமார் வெளியே வந்தான். ஒல்லியான உடம்பு, எண்ணெய்க் கை, அம்மாவின் உருண்டை முகம். டீக்கடையில் எனக்குப் பெஞ்சைத் துடைத்து இடம் போட்டான். கீரன் நலமா, ஆல்பம் நன்றாக வந்ததா என்று விசாரித்தான். கீரன் என்ற பெயரை அவன் சொன்னபோது அது அயர்லாந்துப் பெயராகவே தெரியவில்லை. அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், தான் இப்போது பாட்டுக் கேட்பதில்லை என்று சொல்லிவிடச் சொன்னான்.

"பாட்டு வேண்டாம் குமார். முதல் பாட்டுக்கு முன்னால் மழை வருகிறது. மழையில் உங்கள் அம்மா பேசுகிறார்" என்றேன்.

கையிலிருந்த டீயை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். உள்ளே பிரஸ் மறுபடி அடிக்கத் தொடங்கியது. கண்ணாடி டம்ளரை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு, "ஷிப்ட்டு கீதுக்கா" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டான்.

திரும்பும் வழியெல்லாம் என்னையே நொந்துகொண்டேன். இன்னும் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். ஒரு மரணத்தை எப்படித் தெரிவிப்பது என்று எங்களுக்கு வகுப்பு எடுத்திருந்தார்கள். இறந்தவர் குரல் இருக்கிறது என்பதை எப்படித் தெரிவிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

கல்யாணம் வந்தது. சாம்பார், வத்தக்குழம்பு, இரண்டு வகைப் பாயசம் என்று இலையில் நான் தடுமாறுவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் எதிரில் உட்கார்ந்தது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் யாரோ உன்னைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்றாள் சித்தி. குமார் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். அன்று துவைத்த சட்டை. பின்னால் கேரியரில், பிரிக்கப்படாத பார்சல் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. நான் சொன்ன அடையாளத்தை வைத்து அவன் அப்பாதான் வழி சொல்லி அனுப்பினாராம்.

"நீங்க ஊருக்குப் போறதுக்குள்ள கேட்ரலாம்னு. தனியா கேக்க முடியாதுக்கா. நைனா கீறாரு, நீங்களும் வாங்க."

அவன் சைக்கிளில் ஆவடிக்குத் திரும்ப, நான் ரயிலில் போனேன். இந்த முறை ஜன்னலோரம்.

குமாரின் அப்பா தரையில் ஒரு துணியை விரித்து அதன் நடுவே பழைய டேப்ரெக்கார்டரை வைத்திருந்தார். தூசி தட்டித் துடைத்திருந்தார். குமார் பார்சலைக் கிழிக்காமல் ஒட்டு ஒட்டாகப் பிரித்தான். உறைக்குள் இருந்த தாளைப் படித்தான். பாடியவர், வாசித்தவர் பெயர்களுக்குக் கீழே, 'தொடக்கக் குரல்: பெயர் தெரியாதவர்' என்று இருந்தது. கேசட்டை உள்ளே வைத்தான். பொத்தானின்மேல் விரலை வைத்துக்கொண்டு அழுத்தாமல் உட்கார்ந்திருந்தான். அவன் விரலின்மேல் அப்பா தன் விரலை வைத்து அழுத்தினார்.

மழை. தவளை. அந்தக் கனத்த குரல்.

அப்பா கண்ணைச் சுருக்கினார். குமார் சட்டென்று நிறுத்தினான். அவன் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. ஏமாற்றம்தான் இருந்தது, கொஞ்சம் கோபமும்.

"இது அம்மா இல்ல. ஸ்லோ பண்ணிட்டாங்க. பேய் மாரி கீது. அம்மா கொரலு இப்டியா இருக்கும்?"

நான் அந்தக் குரலை இப்படித்தான் அறிந்திருந்தேன். உருண்டையான, சிரிப்பை அடக்கிய அந்த முகத்துக்கு இவ்வளவு கட்டைக் குரல் எப்படி என்று படத்தைப் பார்த்த அன்றே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

குமார் எழுந்து போனான். கோபித்துக்கொண்டு வெளியே போகிறான் என்று நினைத்தேன். ஊசிபோல ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரோடு திரும்பி வந்தான். டேப்ரெக்கார்டரைக் குப்புறப் போட்டு முதுகு மூடியைக் கழற்றினான். உள்ளே விரல் மொத்தத்துக்கு ஒரு மோட்டார். அதன் பின்புறம் ஒரு துளை. துளைக்குள் ஒரு திருகாணி. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதுதான் என்று என்னிடம் சொன்னான். திறந்த வயிற்றோடு டேப்ரெக்கார்டரைச் சாய்த்து வைத்து, கேசட்டைத் திருப்பி ஓடவிட்டுத் திருகினான்.

மழை கொஞ்சம் அவசரமாகப் பெய்தது. குரல் கிணற்றிலிருந்து ஒரு படி ஏறியது.

"இன்னும்" என்றார் அப்பா. கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

குமார் மறுபடி பின்னால் ஓட்டினான். மறுபடி மழை. கொமாரு, சோறு ஆறுது. எங்கோ நடுத்தர வயது ஆண் பேசுவதுபோல இருந்தது. அப்பா தலையசைத்தார். "இன்னும் கொஞ்சம்." மறுபடி. இப்போது பெண்குரல், ஆனால் சளி பிடித்த குரல். குமாரின் நெற்றியில் வியர்வை வழிந்தது. திருகாணியைத் தொடுவதும் விடுவதுமாக இருந்தான். "அவ்ளோ இல்ல. கம்மி பண்ணு. கீச்சுன்னு வருது பாரு" என்றார் அப்பா. மறுபடி.

எத்தனை முறை என்று தெரியவில்லை. ஒரு முறை மழை நின்று பெய்ததுபோல இருந்தது, அதன் நடுவே ஓர் அம்மாள் இந்த அறைக்குள் வந்து நின்று கூப்பிட்டார்.

"கொமாரு, சோறு ஆறுது. எத்தினி வாட்டி கூவறது?"

"அதான்" என்றார் அப்பா. "அதான். கைய எடுத்துரு."

குமார் கையை எடுத்தான். ரெக்கார்டு ஆவுதும்மா என்று அவனுடைய பழைய குரல் சொன்னது. முன்னாடியே சொல்லக்கூடாதா என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு சிரிப்பு இருந்தது. மெதுவாக்கியதில் அது இத்தனை நாள் எனக்குக் கேட்கவே இல்லை. நல்லா கீறீங்களா, சாப்ட்டீங்களா என்று யாரென்றே தெரியாத ஊரை விசாரித்தார். குமார் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். அப்பா அவன் பிடரியில் கை வைத்தார். அது அப்படியே இருந்தது.

யாரும் கேசட்டை நிறுத்த நினைக்கவில்லை. அதனால் பாட்டு தொடங்கிவிட்டது. டிரம்ஸ் தையல் இயந்திரம்போலத் தடதடத்தது. குளியலறையில் என்னைக் கதிகலங்க வைத்த கீரனின் உறுமல், கூடிய வேகத்தில், வால் மிதிபட்ட அணிலின் கீச்சாகக் கிளம்பியது. குமார் தலையைத் தூக்கினான். "இவரா கீரன்?" என்று அப்பா மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

முதலில் சிரித்தது குமார்தான். மூக்கு ஒழுக, தோள் குலுங்க, தரையில் சாய்ந்து சிரித்தான். பிறகு நான். அப்பா எங்களைக் கண்டிக்கப் பார்த்து முடியாமல் கைலியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அணில் தன் சாபத்தை முழுக்கச் சொல்லி முடித்தது.

மத்தியானம் அப்பா ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்தார். சாப்பிடும்போதுதான் வந்த காரியத்தைக் கேட்டேன். அம்மாவின் குரலை ஆல்பத்திலிருந்து எடுத்துவிட வேண்டுமா என்று. குமார் அப்பாவைப் பார்த்தான். எடுக்க வேண்டாம், ஸ்லோவாகவே இருக்கட்டும், அது அவர்கள் பாட்டு என்றான். "பேரு மட்டும் போடச் சொல்லுக்கா. சரோஜா. கரையான்சாவடி." ஊர்ப் பெயரை அயர்லாந்துக்காரர்கள் எப்படி எழுத்துக்கூட்டுவார்களோ என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதியும் கொடுத்தான். அதற்குக் கீழே, கீரனுக்குத் தானே கடிதம் போடுவதாகவும் இரண்டு வரி.

நான் கிளம்பும்போது குமார் டேப்ரெக்கார்டரின் மூடியைப் பொருத்தப் போனான். திருகாணியைப் பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும் என்று குனிந்தான். திருப்பாவிட்டால் மற்ற கேசட் எதுவும் இனி சரியாகப் பாடாது, வீட்டில் இருக்கிற பாட்டெல்லாம் கீச்சு மூச்சென்று ஓடும் என்று அப்பாவிடம் விளக்கினான்.

"ஓடட்டும்" என்றார் அப்பா. "நீ மூடியப் போடு."